ஊரையெல்லாம் விசாரித்தவர்கள்



ஒரு துப்பறியும் நாடகம் பார்த்து முடித்த மறுநாள் நீங்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? கொலைகாரன் யார் என்பது ஒரு நிமிடப் பேச்சு. அதன் பிறகு நடப்பதெல்லாம் உறவுகளைப் பற்றிய பேச்சுத்தான். அந்தப் பொலிஸ்காரன் இவளை முடிப்பானா, நிச்சயிக்கப்பட்டிருக்கும் அந்தப் பிள்ளையின் கதி என்ன, அந்த வாப்பா ஏன் அப்படி இருந்தார், அந்த உம்மா ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்று கோழி அடைகிற நேரம் வரைக்கும் வேலியோரத்தில் வழக்கு நடக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த கொனன் டொயில், 1893 டிசம்பரில் அவரை ஒரு கதையில் சாகடித்தார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். கதை வெளிவந்த சஞ்சிகையைப் பலர் நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 1903இல் ஹோம்ஸ் உயிரோடிருந்ததாக எழுதி அவரைத் திருப்பி அழைத்து வரவேண்டியதாயிற்று. சாம்பலையும் காலடித் தடத்தையும் பார்த்துத் துப்பறிவதற்கு இன்னொரு ஆளைப் படைப்பது எழுத்தாளருக்குப் பெரிய காரியமல்ல. ஆனால், ஹோம்ஸும் அவருடைய நண்பர் வொட்சனும் அடுப்பங்கரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசும் அந்தச் சிநேகிதத்தை வாசகர்கள் இழக்கத் தயாராக இருக்கவில்லை.

நம்முடைய சமூகத்துக்கும் மர்மக்கதை புதிதல்ல. கண்டியின் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. கெய்ரோவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே களவாடப்பட்ட ஒருவனின் கதை அது. தொலைந்த பிள்ளை, தேடும் பெற்றோர், யார் செய்தார் என்ற கேள்வி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. தொண்ணூறுகளில் மாத நாவல்கள் நம் ஊர் வீடுகளில் கைக்குக் கை மாறின. அட்டை கிழிந்து, நடுப்பக்கம் காணாமல் போன பிறகும் ராத்தாமார் விடமாட்டார்கள். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா என்று துப்பறிகிறவர்கள் ஜோடியாகவே வந்தார்கள். வழக்கு மறந்துபோகும். அவர்கள் இருவரும் கேலி பேசிக்கொண்டது மறக்காது.

இந்தப் பக்கத்தில் ஃபத்வா தேடுகிறவர்கள் இன்று என்னை மன்னிக்க வேண்டும். எந்த நாடகம் பார்க்கலாம், எது கூடாது என்று சட்டம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அது தனியாகப் பேசவேண்டிய விடயம். கைத்தொலைபேசி வழியாக ஏற்கனவே நம் வீடுகளுக்குள் வந்துவிட்ட ஒரு நாடகத்தை, அதை ஆர்வத்தோடு பார்த்த ஒருவனாக, உங்களோடு பேச விரும்புகிறேன்.

'சுழல்' என்ற அந்தத் தொடர் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளிவந்தது. எட்டுப் பகுதிகள். எழுதியவர்கள் புஷ்கர் - காயத்ரி தம்பதியர். இயக்கியவர்கள் பிரம்மா, அனுசரண் ஆகிய இருவர். சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர். அங்கே ஒரு சீமெந்துத் தொழிற்சாலை, அதில் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சண்முகம். ஊரின் பொலிஸ் அதிகாரி ரெஜினா என்ற பெண். அவரின் கீழ் வேலை செய்யும் இளம் அதிகாரியை எல்லோரும் சக்கரை என்று கூப்பிடுவார்கள். தொழிற்சாலை தீப்பற்றி எரியும் இரவில், சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். மூத்த மகள் நந்தினி ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஊரில் அப்போது மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழிபாடுகள் நம் ஈமானுக்கு உரியவை அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளுக்குள் நடப்பவை மட்டும் நம் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானவை.

என் காதில் விழுந்த வேலியோர வழக்குகளில் பாதி, சக்கரையையும் நந்தினியையும் பற்றியவை. நந்தினி பாவம், அவளுக்கு ஒரு துணை வேண்டும் என்று ஒரு கட்சி. நிச்சயிக்கப்பட்ட பெண் என்ன பாவம் செய்தாள் என்று மறு கட்சி. என் வாக்கு இரண்டாவது கட்சிக்குத்தான். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா! ஆனால் சகோதரிகளே, அந்தத் தொடரில் என்னைத் தூங்கவிடாமல் செய்த உறவுகள் வேறு.

முதலாவது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்த உறவு. சண்முகம் தொழிற்சங்கத் தலைவர். எந்தத் தொழிலாளிக்கு என்ன கஷ்டம், எவன் கூட்டத்துக்கு வரவில்லை, முதலாளியின் மனதில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரெஜினா பொலிஸ் அதிகாரி. ஊராரின் இரகசியங்களைக் கேள்வி கேட்டுக் கேட்டே கறந்துவிடக் கூடியவர். இந்த இருவரும் ஒருவரையொருவர் பகைத்து நிற்கிறார்கள். ஆனால் நிலாவும் ரெஜினாவின் மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. ஊர் முழுவதையும் விசாரித்தவர்கள், தங்கள் வீட்டில் சோறு தின்னும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விடயம் வெளிவரும்போது காலம் கடந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோது நபி யஃகூப் (அலை) அவர்களின் நினைவு வந்தது. ஸூரா யூஸுஃபை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! அது எங்கே தொடங்குகிறது? ஒரு சிறு பிள்ளை தன் வாப்பாவிடம் வந்து, தான் கண்ட கனவைச் சொல்வதில். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தனக்குச் சிரம் பணிந்தன என்கிறது பிள்ளை. விளையாட்டுப் பேச்சு என்று அந்தத் தந்தை தட்டிவிடவில்லை. 'வேலையாக இருக்கிறேன், போ' என்று விரட்டவில்லை. 'என் அருமை மகனே' என்ற பொருளில் கூப்பிட்டு, அந்தக் கனவை யாரிடம் சொல்லக் கூடாது என்பதை முதலில் சொல்கிறார். பிறகு அதிலுள்ள நன்மையை எடுத்துச் சொல்கிறார். ஆபத்து யாரிடமிருந்து வரலாம் என்று அவர் சுட்டியதைப் பாருங்கள். அயலூரானையோ வழிப்போக்கனையோ அவர் சொல்லவில்லை. பிள்ளையின் சொந்தச் சகோதரர்களைச் சொன்னார். ஒரு கனவைக்கூட வாப்பாவிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை யூஸுஃப் (அலை) அவர்களுக்கு இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா? பரீட்சைப் புள்ளியைக் கேட்கிறோம். ஓதினாயா, டியூஷனுக்குப் போனாயா என்று கேட்கிறோம். மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறோமா?

இரண்டாவது உறவைப் பற்றி எழுதப் பேனா தயங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உம்மாமார் வாசிக்கும் இந்தச் சஞ்சிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

நந்தினி ஏன் வீட்டை விட்டு விலகிப் போனாள் என்பது தொடரின் கடைசியில்தான் தெரியவருகிறது. சிறு வயதில் அவளைச் சீரழித்தவன் அந்நியன் அல்லன். வீட்டுக்குள் உரிமையோடு நடமாடிய, தகப்பன் ஸ்தானத்தில் வைத்து மதிக்கப்பட்ட நெருங்கிய உறவினன். அவள் போன பிறகு அதே கை தங்கையின் பக்கம் நீண்டது. எட்டுப் பகுதிகளிலும் பொலிஸார் தொழிற்சாலையில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், திருவிழாக் கூட்டத்தில் தேடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த நாமும் எத்தனையோ பேரைச் சந்தேகித்தோம். அவனை மட்டும் சந்தேகிக்க நமக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவன் வீட்டு ஆள்.

பெண்கள் தனித்திருக்கும் இடத்துக்குள் ஆண்கள் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, கணவனின் உறவினர் பற்றி ஒருவர் கேட்டார். அதை மரணத்துக்கு ஒப்பிட்டார்கள் நபியவர்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் இது. இமாம் நவவி (ரஹ்) இதற்குச் சொல்லும் விளக்கத்தைக் கவனியுங்கள். அந்நியன் வந்தால் நாலு கண்கள் பார்க்கும். உறவினன் வந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை, தடுப்பதுமில்லை. ஆகவேதான் அங்கே ஆபத்து அதிகம் என்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மார்க்க அறிஞர் எழுதிவைத்த இந்த உண்மையைத்தான், சாம்பலூர்ப் பொலிஸ் எட்டுப் பகுதி அலைந்து கண்டுபிடித்தது.

நம் கரையோர ஊர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோரும் சகோதரிகளும் பக்கத்திலேயே இருப்பதால் நம் பெண்களுக்கு இந்த வழக்கத்தில் பெரிய பாதுகாப்பு உண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே வீட்டில் கலியாணமாகாத கொழுந்தியாரும் இருக்கிறார்கள். 'மச்சான் தம்பி மாதிரி' என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும் கலியாண வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனைவி உயிரோடு நிக்காஹ்வில் இருக்கும்வரைதான் அவளின் தங்கையை முடிப்பது ஹராம். அது தற்காலிகத் தடை. ஆகவே மச்சான் மஹ்ரம் ஆகமாட்டார் என்பது மத்ரஸாவில் ஆரம்ப வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். வீட்டு முற்றத்துக்கு அந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் சாச்சா, மாமா போன்ற மஹ்ரமானவர்கள்? அவர்கள் முன்னால் முக்காடு இல்லாமல் இருப்பதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. தீங்கு பயப்படும் இடத்தில் அந்த அனுமதி நிற்காது என்பதையும் சட்ட அறிஞர்கள் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்துப் போடச் சொன்னது நம் மார்க்கம். மூன்று நேரங்களில் சிறு பிள்ளையும் அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும் என்று ஸூரா அந்நூர் சொல்கிறது. தன் உடம்புக்கும் தன் அறைக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை முஸ்லிம் பிள்ளை சிறு வயதிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே ஒரு சகோதரி கேட்கலாம்: 'மௌலவி, சந்தேகப்படாதே, துருவித் துருவி ஆராயாதே என்றுதானே ஸூரா அல்ஹுஜுராத் சொல்கிறது? நீங்கள் வீட்டு மனிதரையே சந்தேகிக்கச் சொல்கிறீர்களா?' நியாயமான கேள்வி. துப்பறிகிறவரின் தொழில் சந்தேகம். குடும்பத்தின் அடிப்படை நல்லெண்ணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மச்சானையும் மாமாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்படி நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம், அதனால் அயலவரைக் கள்வன் என்று சொன்னதாகுமா? ஒழுங்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் அவமதிக்கப்பட மாட்டார்கள். அந்த ஒழுங்குக்குப் பிறகும் ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னால், அதைக் கேட்பது துருவி ஆராய்வதாகாது. அது அமானிதத்தைக் காப்பது.

பிள்ளை சொன்னால் நம்மில் சிலர் என்ன பதில் சொல்கிறார்கள் தெரியுமா? 'நாலு சாட்சி இருக்கா?' என்று கேட்கிறார்கள். அல்லாஹ் பாதுகாக்கட்டும்! நான்கு சாட்சிகள் என்ற சட்டம் கற்புள்ள பெண்கள்மீது அவதூறு வீசுகிறவர்களின் வாயை அடைப்பதற்காக வந்தது. துன்பப்பட்ட பெண்ணின் வாயை அடைக்க அல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குப் போன ஒரு பெண்ணை ஒருவன் வழிமறித்துச் சீரழித்தான். அவள் கூக்குரலிட்டாள். உதவிக்கு வந்த வேறொரு மனிதரை ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்குத் தண்டனை நிறைவேறும் வேளையில், உண்மையான குற்றவாளி எழுந்து, செய்தவன் நான் என்று ஒப்புக்கொண்டான். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இந்த நிகழ்ச்சி வருகிறது. அந்தப் பெண்ணிடம் நபியவர்கள் சாட்சி கேட்கவில்லை. அவளைக் குற்றம் சாட்டவில்லை. அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்ற கருத்தில் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். தவறாகப் பிடிபட்ட மனிதருக்கும் நல்ல வார்த்தை சொன்னார்கள். பாதிக்கப்பட்டவளைக் கேட்கவும் வேண்டும், நிரபராதியைத் தண்டிக்கவும் கூடாது என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன.

மறுபடியும் ஸூரா யூஸுஃபுக்கு வருகிறேன். அதிலும் ஒரு துப்பறிதல் நடக்கிறது. சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்புறம் கிழிந்திருந்தால் அவள் பொய்க்காரி என்று அந்தப் பெண்ணின் குடும்பத்திலேயே ஒருவர் நீதி சொல்கிறார். சட்டை பின்புறம்தான் கிழிந்திருந்தது. உண்மை வெளியாகிவிட்டது. ஒரு நாடகமாக இருந்தால் அங்கே 'முற்றும்' போட்டிருப்பார்கள். நடந்தது என்ன? 'இதை விட்டுவிடு' என்று யூஸுஃப் (அலை) அவர்களிடமே சொல்லப்படுகிறது. பிறகு, அத்தாட்சிகளைக் கண்ட பின்பும், அவரையே சிறையில் போடுகிறார்கள். குடும்பத்தின் பெயர் காப்பாற்றப்பட்டது. குற்றமற்றவர் பல வருடம் சிறையிலிருந்தார். சான்று கிடைக்காததால் வந்த அநியாயம் இல்லை அது. கிடைத்த சான்றை மானத்துக்காக மூடியதால் வந்தது. நம் ஊர்களில் 'வெளியில் தெரிந்தால் பிள்ளையின் கலியாணம் கெடும்' என்று மூடப்படும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும், குற்றமற்ற ஒரு பிள்ளை சிறையில் இருக்கிறது.

சுழலின் முடிவில் நந்தினி துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறாள். அந்த இடத்தில் பல சகோதரிகள் 'நல்லாச் செஞ்சாள்' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த மனநிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் 2025 பெப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தையும் பாருங்கள். நந்தினி சிறையில் இருக்கிறாள். செய்தவன் மண்ணுக்குள், அனுபவித்தவள் கம்பிக்குள். அதே பாகத்தில் செல்லப்பா என்ற வழக்கறிஞர் கொல்லப்பட, எட்டு இளம் பெண்கள் ஒவ்வொருத்தியும் 'நான்தான் செய்தேன்' என்கிறார்கள். ஒருத்தியைக் காப்பாற்ற மற்றவர்கள் தங்கள் கழுத்தை நீட்டுகிற அந்த உறவை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இப்படித் துணை நிற்கிறார்கள் என்றால், துணை நிற்க வேண்டிய பெரியவர்கள் எங்கே போனார்கள்? நந்தினிக்கு முதல் நாளே காது கொடுக்க ஒரு பெரிய மனிதர் இருந்திருந்தால், தங்கை தப்பியிருப்பாள். துப்பாக்கிக்கும் வேலை இருந்திருக்காது.

நம் நாட்டில் அந்த முதல் நாளுக்கே வழி இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். பொலிஸிலும் சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கிறது. ஊரில் சமரசம் பேசி, காசைக் கொடுத்து, பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, செய்தவனை அதே பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் நிற்க விடுவது நீதி அல்ல. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது ஸூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் இடும் கட்டளை. தன்னை வளர்த்துவிட்ட மேலதிகாரியின் வீட்டுக்குள்ளேயே கேள்வி கேட்க வேண்டிய நிலை சக்கரைக்கு வந்ததே, அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த வசனம்தான்.

ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வழக்காடிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குழந்தையை இரண்டாகப் பிளந்து தருகிறேன் என்றார்கள் நபி ஸுலைமான் (அலை). 'வேண்டாம், அது அவளுடைய பிள்ளைதான்' என்று இளையவள் பதறினாள். குழந்தை அவளிடமே கொடுக்கப்பட்டது. சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. ஒரு தாயின் பதற்றமே தீர்ப்பைச் சொல்லியது. அந்தப் பதற்றம் அல்லாஹ் உங்களுக்குத் தந்திருக்கும் அறிவு. பிள்ளை திடீரென்று ஒருவரின் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்குகிறதா, ஒரு வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுகிறதா, காரணமில்லாமல் படுக்கையை நனைக்கிறதா, அந்தப் பதற்றத்தை 'சும்மா இரு' என்று அடக்கிவிடாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாதியில் குறுக்கிடாமல் கேளுங்கள். முதல் வார்த்தையாக, 'நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை' என்று சொல்லுங்கள்.

வாப்பாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். பள்ளிவாசல் நிர்வாகம், சங்கம், சந்தை என்று ஊர் விடயம் முழுவதையும் தலையில் சுமக்கும் அவர்கள், இஷாவுக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் பிள்ளையின் கனவையும் கேட்கட்டும்.

நம் பிள்ளைகள் பயமில்லாமல் பேசக்கூடிய வீடுகளாக அல்லாஹ் நம் வீடுகளை ஆக்கியருள்வானாக. ஆமீன்.